பக்கத் தையல் போடாத ஜாக்கெட்

ராஜபாளையம்,
கார்த்திகை 9, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெயசித்ராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி கௌதம்ராஜும் நோய் நொடி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதைச் சுகம் என்று சொன்னால் சுகம்தான். அங்கே அயர்லாந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. தீபாவளி கழிந்து இன்றோடு முப்பத்து நான்கு நாளாக நீ என்னிடம் பேசவில்லை. நான் அனுப்புவதையெல்லாம் பார்த்துவிடுகிறாய், நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அப்பாவுக்கு மாத்திரம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் "டூட்டி கூட இருக்குப்பா, பொறவு பேசுதேன்" என்று ஒரு வரி வருகிறது. அவர் அதை மூன்று தடவை படித்துவிட்டு, பிள்ளைக்கு வேலை அதிகம் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்கிறார். மில்லில் முப்பத்தோரு வருஷம் நின்று காதைக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன், அவருக்கு எதையும் சத்தமாகச் சொன்னால்தான் ஏறும். நீ பேசாமல் இருப்பது அவருக்கு ஏறவில்லை. தை பதினைந்தில் தம்பி கல்யாணம், லீவு கிடைக்காது என்று நீ எழுதியதையும் அவர் அப்படியே நம்பிவிட்டார். நான் நம்பவில்லை. ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று எனக்கு இப்போது தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால் தெரியாது. தெரிந்த கதையைத்தான் இதில் எழுதுகிறேன், நீளமாகப் போகும், டூட்டி இல்லாத நாளில் உட்கார்ந்து படி. போனில் பேசி அனுப்பலாம் என்றால் என் குரலே எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் காகிதத்தில் எழுதிப் பார்சலுக்குள் மடித்து வைக்கிறேன். பார்சலில் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை வெள்ளைத் துணியில் சுற்றியதைப் பிரிக்காதே. பிரித்திருப்பாய், உனக்கு அந்தப் பொறுமை ஏது, இருந்தாலும் படி.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. அய்யனார் கோவில் பக்கம் ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று யாரையும் விடவில்லை. தைத்த துணிக்கு ஈரவாசம் போகமாட்டேன் என்கிறது, இரண்டாவது மிஷினில் மோட்டார் போய்விட்டது, பட்டனுக்குக் காஜா எடுக்கிற பெண் வாரத்தில் மூன்று நாள் வந்தால் அதிகம். முழங்கால் பழைய மாதிரிதான், உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிக்கிறேன், எழுந்தால் உட்கார யோசிக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து யூனிபார்ம் ஆர்டர் எனக்கு வந்திருக்கிறது என்று ஜூன் மாதம் உன்னிடம் குதித்துக்கொண்டு சொன்னேனே, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும், முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள், சுடிதாரும் மேலே ஓவர்கோட்டும். அங்கிருந்துதான் ஆரம்பம். தளவாய்புரத்து நைட்டி கம்பெனியில் நான் இருபத்திரண்டு வருஷம் இருந்தது உனக்குத் தெரியும். ஒரே கொட்டகையில் அறுபது மிஷின் ஓடும். அளவு சொல்கிறவள் அடிவயிற்றிலிருந்து கத்தினால்தான் எழுதுகிறவள் காதில் விழும். அதுபோக அங்கே எதற்கும் பேர் கிடையாது, அளவுதான் பேர். "அந்த நாப்பத எடு, முப்பத்தாற இங்க தள்ளு" என்று நாள் முழுக்க அதே பேச்சு. அது நைட்டியைச் சொல்வது. அந்தத் தொண்டையையும் அந்தப் பழக்கத்தையும் அப்படியே தூக்கிக்கொண்டு மிஷின் சத்தம் இல்லாத ஒரு வகுப்புக்குள் போனேன். கரும்பலகைக்கு முன்னால் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக நிற்க வைத்து நாடாவைச் சுற்றி நான் கத்த, எதிர்வீட்டு வெங்கடேஸ்வரி துணைக்கு வந்தவள், நோட்டில் எழுதினாள். மார்பு இத்தனை, இடுப்பு இத்தனை, சீட் என்கிற பின்பக்கம் இத்தனை என்று நான் சொன்னது வராந்தா தாண்டிக் கேட்டிருக்கும். வெங்கடேஸ்வரிக்கு அப்போதே உறுத்தியிருக்கிறது. "ஒத்து அக்கா, வேண்டாம்" என்று வீட்டுத் தெலுங்கும் தமிழுமாக முணுமுணுத்து இரண்டு தடவை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். சரியாகக் காதில் விழவில்லை போல, திரும்பக் கேட்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்பில் பாண்டீஸ்வரி என்று ஒரு பிள்ளை. கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு, உருண்டை முகம், நெற்றியில் சின்னதாக விபூதி. நாடா சுற்றி வந்ததும் "நாப்பத்திரெண்டு" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பிள்ளை முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, சிரிக்க வைக்கலாம் என்று, "வளர்ற பிள்ளதானத்தா, நல்லாச் சாப்பிடுது, ஒரு மீட்டர் சேத்துப் போட்டாப் போச்சு" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள், அதைத்தான் நான் பார்த்தேன், சரி, பிள்ளை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள் என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டேன். ஜூலையில் தைத்த துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனபோது அளவு எழுதிய சீட்டை நெஞ்சுப் பக்கம் பின் குத்தி வைத்திருந்தேன், அதுவும் கம்பெனிப் பழக்கம். பேர் பார்த்துக் கொடுக்க நேரமில்லாமல், "நாப்பத்திரெண்டு யாருத்தா, வா" என்று கூப்பிட்டேன். எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் அந்தப் பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவளை யாரும் பாண்டீஸ்வரி என்று கூப்பிடவில்லையாம். பஸ்ஸில் ஏறினால் நாப்பத்திரெண்டு, தண்ணீர்க் குழாயடியில் நாப்பத்திரெண்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் நாப்பத்திரெண்டு. நான்கு மாதம் இது நடந்திருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது, வீட்டில் உட்கார்ந்து அடுத்த ஆர்டருக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் காலை அசெம்பிளியில் அவள் மயங்கி விழுந்துவிட்டாள். அவள் வகுப்பு டீச்சர் அழகுத்தாய், ஜூனில் நான் கத்தியபோது கூடச் சிரித்தவர்தான், தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, மூச்சு விடட்டும் என்று ஓவர்கோட்டைக் கழற்றி முதுகுப் பக்கம் தளர்த்தியிருக்கிறார். உள்ளே மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் பேண்டேஜ் துணி. அவள் அம்மா வெள்ளைத்தாய் பேண்டேஜ் கம்பெனியில் மடிக்கிற வேலை பார்க்கிறவள், கழிவுத் துண்டுகள் வீட்டில் கிடந்திருக்கின்றன. அதை முடிச்சுப் போட்டு நீட்டமாக்கி, எட்டுச் சுற்றோ பத்துச் சுற்றோ, ஒரு காயமும் இல்லாத உடம்புக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டு தினமும் பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள். மத்தியானச் சோற்றை நாய்க்குப் போட்டிருக்கிறாள். டாக்டர் பார்த்து, வேறு ஒன்றுமில்லை, பட்டினியும் இறுக்கமும்தான் என்றாராம். சாயங்காலம் டீச்சர் எனக்குப் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், அவர் திட்டவில்லை. "நீங்க கத்துனீங்க, நாங்க சிரிச்சோம்மா. டிரில்ல தடிச்ச பிள்ளைகளப் பின்வரிசைல நிறுத்துறதும் நாங்கதான். ஆனா அவ ஒங்களத்தான் சொல்லுதா. இனிப் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேங்கா. படிப்பு வேண்டாம்னா எங்கூட வேலைக்கு வரட்டும்னு அவ அம்மா சொல்லுதாக. ஒருக்க நீங்க போய்ப் பாருங்க" என்றார். உனக்குத் தெரியும், பேண்டேஜ் கம்பெனியில் ஒரு பிள்ளை கால் வைத்துவிட்டால் திரும்பப் புத்தகப்பை தூக்குவது அரிது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டோடு மூடி வைத்துவிட்டேன். உங்கப்பா என்ன ஏது என்று கேட்டார், அவருக்குச் சொல்வதென்றால் தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும், ஒன்றுமில்லை என்று சைகை காட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர்கள் மகாராஜபுரத்துக்காரர்கள், விவசாயம் கைகொடுக்காமல் வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். வாசலெல்லாம் மழைத்தண்ணீர், செங்கல் போட்டு நடந்து போக வேண்டியிருந்தது, என் முழங்காலுக்கு அது ஒரு பரீட்சை. வெள்ளைத்தாய் என்னை உட்கார வைத்துக் காபி போட்டுத் தந்தாள். நாலு வார்த்தை கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்க சொன்னதுல என்னக்கா தப்பு, இவ ஒடம்பு அப்படித்தான, எம் மாமியா ஒடம்பு, தின்னாலும் ஊதும் தின்னாட்டாலும் ஊதும்" என்று அவளும் அதையே சொன்னாள், உள் அறையில் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்போதே. பிள்ளை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தாள். விருட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் கையை வைத்துப் பார்க்கிறேன், அளவு நாடா கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. காலையில் மிஷினை விட்டு எழுந்தவள் அப்படியே பஸ் ஏறியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவள் போன லட்சணம் அது. நாடாவைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "தெரியாமச் செஞ்சிட்டேன் தாயி, மனசுல வச்சிக்கிடாத, பள்ளிக்கூடத்துக்குப் போத்தா" என்றேன். பிறகு உள்ளேயிருந்து, அழுகை கிழுகை ஒன்றும் இல்லாமல், தெளிவாகக் கேட்டாள், "ஒங்க வீட்ல பொம்பளப் பிள்ள இருக்கா? அதோட அளவையும் இப்படித்தான் ஊருக்குக் கத்துவீங்களா?" என்று. இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக வந்தது. கத்தியிருக்கிறேனே. உனக்குப் பத்து வயதிருக்கும்போதே, இவளுக்குத் துணியே தேவையில்லை, கொடிக்கம்புக்குத் தைக்கிற மாதிரி என்று அடிபம்பு அடியில் நான்கு பேர் நடுவில் சொன்னவள் நான். சடங்குக்கு வந்தவர்களிடம், எவ்வளவு போட்டாலும் இவள் உடம்பில் ஒட்டமாட்டேன் என்கிறது என்று சொன்னவளும் நான். அதெல்லாம் கூடப் போகட்டும், எல்லா வீட்டிலும் நடக்கிற பேச்சு என்று தள்ளிவிடலாம். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பிள்ளை நிறைவாகத் தெரியட்டும் என்று உனக்குச் சொல்லாமல் ஜாக்கெட்டின் முன்பக்கத்தில் இரண்டு மடிப்பு உள்துணி வைத்துத் தைத்தேன். கொக்கி மாட்டும்போதே நீ கண்டுபிடித்துவிட்டாய். கண்ணாடியில் என்னைப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. நானும் வேறு பக்கம் திரும்பிப் பூவை எடுத்துக்கொண்டேன். காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நின்றாய். அந்த இடம் தட்டிப்போனது, போனதே நல்லது. அடுத்த மாதமே வெளிநாட்டு நர்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று உட்கார்ந்தாய். பிள்ளைக்கு முன்னேற ஆசை என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணாடியும் இந்தப் பரீட்சையும் எனக்கு அப்போது சேரவில்லை ஜெயா. இப்போது சேருகிறது.

அதற்கப்புறம் இந்தத் தீபாவளி. உன் கூட வேலை பார்க்கிற பெண் போட்டிருந்த படத்தைக் கௌதம்ராஜ் எனக்குக் காட்டினான். நாலைந்து பேர் விளக்கு வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், நீ நடுவில் நிற்கிறாய். போனதிலிருந்து ஐந்து வருஷமாக வீடியோவில் முகத்தை மட்டும்தான் காட்டுவாய், அங்கே வெளிச்சம் அவ்வளவுதான் போல என்று இருந்துவிட்டேன். படத்தைப் பார்த்ததும், என் பிள்ளை வாய் விட்டுச் சிரிக்கிறாளே, கூட நிற்க நாலு பேரைச் சேர்த்து வைத்திருக்கிறாளே என்று நினைத்திருக்க வேண்டும். என் கண் முதலில் அளவு எடுத்தது. எத்தனை என்று இங்கே எழுதமாட்டேன். கையில் இருந்த போனிலேயே, "ஏட்டி, என்னட்டி இப்படி ஊதிட்ட, எம்புட்டு ஒல்லியா இருந்த பிள்ள, கல்யாணத்துக்கு வாரதுக்குள்ள கொஞ்சம் எறக்கிட்டு வா" என்று பேசி அனுப்பினேன். பாசமாகப் பேசியதாகத்தான் நினைப்பு. லீவு கிடைக்காது என்று நீ அப்பாவுக்கு எழுதியது அதற்கு மறுநாள். தேதியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஒல்லியாக இருந்தபோது உள்துணி வைத்துத் தைத்தேன், உடம்பு வந்ததும் இறக்கச் சொன்னேன். உன் உடம்பு எந்த அளவில் இருந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன் என்று பஸ் ராஜபாளையம் வந்து சேரும் வரைக்கும் யோசித்தேன். ஒரு அளவும் எனக்குக் கிடைக்கவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது, கண்டக்டர் சில்லறைக்காக அழுகிறேன் என்று நினைத்து மீதியைச் சீக்கிரமாகக் கொடுத்தார்.

மறுநாள் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். மழைக்கு ஒரு செட் காய்வதில்லை என்று இரண்டாவது செட் தைக்க ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஜூனிலிருந்து பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், திரும்பவும் அளவு எடுக்க வேண்டும். நீ போன புதிதில் ஒரு தடவை சொன்னாயே, உங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கு எடை பார்த்தாலும் எண்ணை வாயால் சொல்வதில்லை, எழுதி வைத்துக்கொள்வோம், அவர்கள் கேட்டால் மட்டும் காட்டுவோம் என்று. அன்றைக்கு நான், ஆமாம் பெரிய ராணுவ ரகசியம் என்று சிரித்தேன். அதைத்தான் டீச்சரிடம் என்னுடைய யோசனை மாதிரிச் சொல்லிவைத்தேன், நீ கோபித்துக்கொள்ளாதே. லைப்ரரி அறையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டினோம். ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை, துணைக்கு வேண்டுமானால் ஒரு சிநேகிதி. தானே எடுத்துக்கொள்கிறேன் என்றால் நாடாவை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வேன். சீட்டில் எழுதி அவளே மடித்துக் கவரில் போட வேண்டும், கவருக்கு மேலே பேர் மட்டும். சீட்டுக்கு அடியில் இடம் மிச்சம் இருந்தது, உடுப்பில் என்ன சௌகரியம் வேண்டும் என்று எழுதச் சொல்லலாம் என்று வெங்கடேஸ்வரிதான் சொன்னாள். எழுதித் தள்ளிவிட்டார்கள். கையைத் தூக்கினால் அக்குளில் அறுக்கிறது, குனிந்தால் பட்டன் பிளக்கிறது, பஸ் கம்பியைப் பிடித்தால் மேலே ஏறுகிறது, கழுத்து இவ்வளவு மேலே ஏன் என்று பக்கம் பக்கமாகக் குறை. இத்தனை வருஷம் எத்தனை உடம்பைச் சுற்றி நாடா போட்டிருப்பேன், ஒருத்தியிடமும் இதைக் கேட்டதில்லை. டிரில்லில் இப்போது உயரத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்களாம், பின்வரிசை தண்டனையை அழகுத்தாய் டீச்சர் சண்டை போட்டு நிறுத்தினார். அவரே வகுப்பில் நின்று, நானும் சிரித்தேன், அது தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நினைக்காதே. இதையெல்லாம் பார்த்தால் பிள்ளைகளை ஒரு சொல் சொல்ல முடியாது என்று இன்னொரு டீச்சர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நாப்பத்திரெண்டு என்கிற பேரும் இன்னும் ஒன்றிரண்டு வாயில் இருக்கத்தான் செய்கிறது, விதைத்தவள் நான், பிடுங்குவது என் கையில் இல்லை.

அளவு எடுத்த நாளும் பாண்டீஸ்வரி வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் டீச்சர் சீட்டைக் கொடுத்து அனுப்பினார். நாலாக மடித்துத் திரும்பி வந்தது. அளவு எழுத வேண்டிய இடமெல்லாம் காலி. அடியில் மட்டும் பென்சிலில், "பாக்கெட் வேண்டும். இரண்டு பக்கமும். ஆழமாக." என்று எழுதியிருந்தாள். எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. ஜூனில் எடுத்த அளவு நோட்டில் இருக்கத்தான் செய்கிறது, அதைப் பார்த்து வெட்ட மனசு வரவில்லை. துணியைத் தாராளமாக விட்டு வெட்டி, முன்பக்கம் இரண்டு பாக்கெட் வைத்து, கழுத்து, கை எல்லாம் முடித்து, பக்கத் தையலை மட்டும் போடாமல் விட்டேன். ஊசியும் நூலும் சேர்த்துக் கவரில் போட்டு, பாண்டீஸ்வரி என்று பெரிதாக எழுதி அனுப்பினேன். ஒரு பிள்ளைக்கு மட்டும் பாக்கெட் வைத்தால் அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள் என்று முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கும் பாக்கெட் வைக்கிறேன், முதல் கட்டு முடிவதற்குள்ளேயே முதுகு விட்டுப்போனது. போன புதன்கிழமை முதல் கட்டுத் துணி கொடுக்கப் போனபோது அவள் வகுப்பில் இருந்தாள். தானே கையால் தைத்திருக்கிறாள், ஒரு பக்கம் லூசு, ஒரு பக்கம் கோணல், ஆனால் உள்ளே கட்டு கிட்டு ஒன்றும் இல்லை, மூச்சு நன்றாகப் போய் வருகிறது, அது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். மன்னித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான், பொய் எழுதக் கூடாது. அரைப்பரீட்சை எழுதப்போகிறாள். மத்தியானம் சாப்பிடுகிறாளா என்று டீச்சரிடம் கேட்டேன், பாதி சாப்பிடுகிறாள் என்றார். அது போதும் இப்போதைக்கு.

எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது ஜெயா. பாக்கெட் தைத்த அலுப்பு தூங்கினால் போய்விடும். யாரைப் பார்த்தாலும் முதலில் அளவு எடுக்கிற இந்தக் கண்ணைத் தூக்கிக்கொண்டு திரிகிற அலுப்பு போகமாட்டேன் என்கிறது. இன்றைக்குக் காலையில்கூட உங்கப்பா சாத்தூர் சேவு ஒரு கிலோ வாங்கி வந்து பார்சலில் வை என்றார். அவளுக்கு எதற்கு இனிச் சேவு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்து விழுங்கிவிட்டு இரண்டு கிலோவாக வாங்கி வரச் சொன்னேன். ஐம்பத்தெட்டு வயதில் நாக்கைக் கடிக்கப் பழகுகிறேன், சில நாள் தவறும், தவறினால் நீ அந்த இடத்திலேயே சொல்லு, முப்பத்து நான்கு நாள் பேசாமல் இருக்காதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. ஐந்து தீபாவளிக்கும் பழைய நோட்டைப் பார்த்து உனக்கு ஜாக்கெட் தைத்து அனுப்பினேன். நல்லா இருக்கும்மா என்று எழுதுவாய், போட்டுக்கொண்ட படம் ஒன்றுகூட வந்ததில்லை. அவை எதுவும் உனக்கு அளவு சேர்ந்திருக்காது என்று இப்போது தெரிகிறது. அவற்றைப் பிரித்துத் தலையணைக்கு உறை தைத்துப் போட்டுவிடு. நோட்டில் உன் பக்கத்தை நேற்றுக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

சேவு ஈரம் பட்டால் நமத்துவிடும், வந்ததும் டப்பாவில் மாற்று, ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கு, காலில் உறை போடாமல் தரையில் நடக்காதே. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தம்பியும் உன்னை விசாரித்தான். எங்கே இருந்தாலும் நல்ல மனுஷர்கள் நடுவில், நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக, நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். பார்சலில் சேவுக்கு அடியில் வெள்ளைத் துணியில் சுற்றியிருப்பது, தம்பி கல்யாணத்துக்கு உனக்கு எடுத்திருக்கிற அரக்குப் பட்டுக்கு ஜாக்கெட். சேலையோடு வந்த துணி பத்தாது என்று அதே நிறத்தில் தனியாக எடுத்து வெட்டினேன். கழுத்து, கை, கொக்கி எல்லாம் முடித்துவிட்டேன், உள்துணி எதுவும் வைக்கவில்லை, தடவிப் பார்த்துக்கொள். கையின் அடியிலிருந்து இடுப்பு வரைக்கும் இரண்டு பக்கமும் தையல் போடவில்லை, வேண்டிய மட்டும் துணி விட்டிருக்கிறேன். ஊசியும் நூலும் உள்ளேயே இருக்கிறது. அங்கேயே போட்டுப் பார்த்துத் தைத்துக்கொள். இல்லையென்றால் அப்படியே கையில் கொண்டுவா, கல்யாணத்துக்கு முந்தின நாள் என் மிஷின் அறையைச் சாத்திக்கொண்டு நீயே தைத்துக்கொள், நான் வெளியில் இருப்பேன். சொந்தக்காரர் வாயையெல்லாம் என்னால் தைக்க முடியாது. எவராவது உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் பக்கத்தில் நான் நிற்பேன், இந்தத் தொண்டை இருக்கிறதே, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அவர்களுக்குப் பதில் சொல்கிறேன். லீவு நிஜமாகவே கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஜாக்கெட் உன்னுடையதுதான், ஒரு போன் மட்டும் செய். திட்ட வேண்டும் என்றால் திட்டு, கண்ணாடி முன்னால் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லு, நான் கேட்டுக்கொள்கிறேன். அளவு எத்தனை என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. பரிபூரணம்